தண்ணீர் கொதிக்கும்போது உடைவது எது? ஹைட்ரஜன் பிணைப்பும் மற்ற இரண்டும்

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அடியிலிருந்து எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது? வேதியியல் படித்தவர்களிலேயே பலர் "ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்" என்று சொல்வார்கள். சிலர் காற்று என்பார்கள். உண்மையில் இருப்பது நீராவி. அதாவது அதே தண்ணீர் மூலக்கூறுகள், ஒன்றைவிட்டு ஒன்று விலகி. ஒரு ஹைட்ரஜன் அணுகூட தன் ஆக்சிஜனை விட்டுப் போகவில்லை.

இந்தத் தவறான பதில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. கொதிக்கும்போது பிணைப்புகள் உடைகின்றன என்று படித்தது நினைவில் நிற்கிறது; எந்தப் பிணைப்பு என்பது நழுவிவிடுகிறது. தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டு விதமாக இணைந்திருக்கின்றன. மூலக்கூறுக்கு உள்ளே இருப்பது சகப்பிணைப்பு. ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் நடுவே இருப்பதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. இரண்டிலும் அதே இரு தனிமங்கள் என்பதால் குழப்பம் எளிதில் வந்துவிடுகிறது. இந்த ஒரு இடத்தைத் தெளிவாக்கிக்கொண்டால் பனிக்கட்டி மிதப்பது முதல் டிஎன்ஏ பிரிவது வரை பலவற்றுக்கும் வழி திறக்கும்.

## முதலில், வலுவான இரண்டு

எல்லா வேதிப்பிணைப்புகளுக்கும் அடியில் இருப்பது மின்விசைதான்: நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் ஒன்றையொன்று இழுப்பது. அணுக்கரு நேர்மின்சுமை கொண்டது, அதைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் எதிர்மின்சுமை கொண்டவை. எலக்ட்ரான்கள் எங்கே போய் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே வகைகள் பிரிகின்றன.

சகப்பிணைப்பு. இரண்டு அணுக்கள் ஒரு சோடி எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொள்வது. இலங்கைப் பாடநூல்களில் இதற்குப் பங்கீட்டு வலுப்பிணைப்பு என்று பெயர். 1916-ல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் இந்தக் கருத்தை முன்வைத்தார். அந்தச் சோடி இரு அணுக்கருக்களுக்கும் நடுவில் செறிந்து நிற்பதால் இரண்டு கருக்களும் அதை நோக்கி இழுபடுகின்றன. தண்ணீரில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே உள்ள இந்தப் பிணைப்பின் நீளம் 96 பிகோமீட்டர் (ஒரு பிகோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு). ஒரு மோல் அளவு (மோல் என்பது அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ண வேதியியலில் பயன்படும் மிகப் பெரிய ஓர் எண்ணிக்கை) இந்தப் பிணைப்புகளை அறுக்கச் சுமார் 463 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். சகப்பிணைப்புக்குத் திசை உண்டு. தண்ணீரின் இரு ஹைட்ரஜன்களும் எப்போதும் 104.5 பாகைக் கோணத்தை ஒட்டியே நிற்கும்.

அயனிப் பிணைப்பு. இங்கே பொதுவில் வைப்பது இல்லை. ஓர் அணு எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது, மற்றொன்று வாங்கிக்கொள்கிறது. சோடியம் நேர் அயனியாகவும் குளோரின் எதிர் அயனியாகவும் மாறியபின் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. லூயிஸ் எழுதிய அதே 1916-ல் ஜெர்மனியில் வால்தர் கோசல் இதை விளக்கினார். இந்த இழுப்புக்குத் திசை கிடையாது. சோடியம் அயனி தன்னைச் சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுக்கும். அதனால் உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் 6 குளோரைடுகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் 6 சோடியங்கள். எந்தக் குளோரைடு எந்தச் சோடியத்துக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. உப்பில் மூலக்கூறு என்று தனியாக ஒன்று இல்லை, படிகம் முழுவதும் ஒரே அடுக்கு. ஒரு மோல் உப்புப் படிகத்தைத் தனித்தனி அயனிகளாகப் பிரித்து விலக்க 787 கிலோஜூல் வேண்டும். உப்பு உருகுவது 801 பாகை செல்சியஸில்.

இரண்டுக்கும் இடையே கோடு கிழித்தது போன்ற எல்லை கிடையாது. எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறனை எலக்ட்ரான் கவர்தன்மை என்கிறோம். அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் வகுத்த அளவில் ஃப்ளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, நைட்ரஜன் 3.04, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, சோடியம் 0.93. இரண்டு அணுக்களின் மதிப்புகள் நெருங்கி இருந்தால் எலக்ட்ரான் சோடி நடுவில் நிற்கும். வேறுபாடு கூடக்கூட ஒரு பக்கம் சாயும். ஒரேயடியாக ஒரு பக்கம் போய்விட்டால் அது அயனிப் பிணைப்பு. இந்தச் சாய்வுதான் மூன்றாவது வகைக்கு அடிப்படை.

## ஹைட்ரஜன் பிணைப்பு எப்படி உருவாகிறது

தண்ணீரில் ஆக்சிஜனின் கவர்தன்மை 3.44, ஹைட்ரஜனுடையது 2.20. பொதுவில் வைத்த சோடி ஆக்சிஜன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஆக்சிஜன் சற்று எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் சற்று நேர்மின் தன்மையும் பெறுகின்றன. இதுவரை புதிதாக ஒன்றும் இல்லை. இப்படிச் சாய்ந்த பிணைப்புகள் வேதியியலில் ஏராளம்.

ஹைட்ரஜனுக்கு மட்டும் ஒரு தனித்தன்மை இருக்கிறது. அதனிடம் இருப்பதே ஓர் எலக்ட்ரான்தான். கார்பனோ குளோரினோ தன் வெளி எலக்ட்ரானை இழந்தாலும், உள்ளே இன்னும் ஓர் எலக்ட்ரான் அடுக்கு அணுக்கருவை மூடிக்கொண்டு நிற்கும். ஹைட்ரஜனுக்கு அந்த உள்ளடுக்கு இல்லை. எலக்ட்ரான் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்தில் அதன் கரு, அதாவது வெறும் ஒரு புரோட்டான், ஏறக்குறைய திறந்து கிடக்கிறது. பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான்கள் அதன் மிக அருகில் வந்துவிட முடிகிறது. வேறு எந்தத் தனிமமும் தன் சகப்பிணைப்பில் இருந்துகொண்டே இப்படி நிற்பதில்லை.

ஆக, வலுவான ஹைட்ரஜன் பிணைப்புக்குத் தேவையானவை:

1. கவர்தன்மை மிகுந்த அணுவோடு சகப்பிணைப்பில் இருக்கும் ஒரு ஹைட்ரஜன். வழக்கமாக அந்த அணு நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரின் இவற்றில் ஒன்று. இந்தப் பக்கத்துக்கு வழங்கி என்று பெயர்.
2. எதிரே, யாரோடும் பங்கிடாத எலக்ட்ரான் சோடி வைத்திருக்கும் ஓர் அணு. இது ஏற்பி.
3. நேர்கோடு. வழங்கி அணு, ஹைட்ரஜன், ஏற்பி மூன்றும் ஒரே கோட்டில், 180 பாகைக்கு அருகில் நின்றால் பிணைப்பு வலுப்பெறும். வளைய வளைய வலு குறையும்.

மூன்றாவது விதி மிக முக்கியமானது. வெறும் நேர்–எதிர் ஈர்ப்பு மட்டும் என்றால் திசை இவ்வளவு பொருட்டாக இருக்காது. ஹைட்ரஜன் பிணைப்பு வலுவில் அயனிப் பிணைப்புக்கும் கீழே, ஆனால் திசை விஷயத்தில் சகப்பிணைப்பின் சாயல் கொண்டது.

பனிக்கட்டியில் ஹைட்ரஜனுக்கும் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனுக்கும் உள்ள தூரம் சுமார் 180 பிகோமீட்டர். உள்ளே இருக்கும் 96 பிகோமீட்டர் பிணைப்போடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய இரு மடங்கு. பிணைப்பே இல்லாமல் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் தொட்டுக்கொண்டு மட்டும் நின்றால் இடைவெளி சுமார் 270 பிகோமீட்டர் இருக்கும். அதைவிட 90 பிகோமீட்டர் நெருங்கி வந்திருக்கிறது என்பதிலிருந்தே இது வெறும் உரசல் இல்லை என்று தெரிகிறது.

1920-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லூயிஸின் துறையில் இருந்த வெண்டல் லாட்டிமர், வோர்த் ரோடபுஷ் இருவரும் தண்ணீரின் விந்தையான பண்புகளை விளக்க இந்தக் கருத்தை வெளியிட்டார்கள். அங்கேயே மாணவராக இருந்த மாரிஸ் ஹகின்ஸும் அதற்குச் சற்று முன்பே இதை யோசித்திருந்தார். அவர்கள் கண்முன் இருந்த புதிர் எளிமையானது. தனிம அட்டவணையில் ஆக்சிஜனுக்குக் கீழே வரிசையாக இருக்கும் தனிமங்களின் ஹைட்ரைடுகளை, அதாவது அவை ஹைட்ரஜனோடு சேர்ந்த சேர்மங்களைப் பாருங்கள்: ஹைட்ரஜன் டெல்லூரைடு மைனஸ் 2 பாகையில் கொதிக்கிறது, ஹைட்ரஜன் செலினைடு மைனஸ் 41-ல், ஹைட்ரஜன் சல்ஃபைடு மைனஸ் 60-ல். மூலக்கூறு சிறுத்துக்கொண்டே வர, கொதிநிலையும் இறங்கிக்கொண்டே வருகிறது. இதே போக்கில் போனால் தண்ணீர் மைனஸ் 80-ஐ ஒட்டிக் கொதித்திருக்க வேண்டும். பூமியில் ஒரு சொட்டுத் திரவ நீர் இருந்திருக்காது. ஆனால் அது 100 பாகை வரை தாங்குகிறது. அந்த 180 பாகை வித்தியாசம் ஹைட்ரஜன் பிணைப்பின் கணக்கு.

## வலுவை எதனோடு ஒப்பிடுவது

ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அது அரைகுறையான வாக்கியம். எதைவிடப் பலவீனம்?

முதலில் எண். பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் 4 ஹைட்ரஜன் பிணைப்புகளில் பங்கெடுக்கிறது: இரண்டில் வழங்கியாக, இரண்டில் ஏற்பியாக. ஒவ்வொரு பிணைப்பும் இருவருக்குப் பொது என்பதால் தலைக்கு 2. ஒரு மோல் பனிக்கட்டியை நேரே ஆவியாக்க 51 கிலோஜூல் ஆகிறது. வேறு சிறு ஈர்ப்புகளின் பங்கைக் கழித்துவிட்டு இரண்டால் வகுத்தால் ஒரு பிணைப்புக்கு 20 முதல் 23 கிலோஜூல் வரும். அதே மூலக்கூறுக்குள் இருக்கும் சகப்பிணைப்பு 463. ஏறத்தாழ 20 மடங்கு வித்தியாசம்.

இப்போது உண்மையான அளவுகோல். எந்தப் பொருளிலும் மூலக்கூறுகள் ஓயாமல் ஆடிக்கொண்டும் மோதிக்கொண்டும் இருக்கின்றன. 25 பாகை செல்சியஸில் அந்த வெப்ப அசைவின் அளவு மோலுக்குச் சுமார் 2.5 கிலோஜூல். ஒரு பிணைப்பு அந்த வெப்பநிலையில் நிலைத்து நிற்குமா என்பதை இந்த 2.5-ஐ வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீரின் சகப்பிணைப்பு இதைப் போல் 185 மடங்கு. அறை வெப்பநிலையின் மோதல்கள் அதை அசைத்துக்கூடப் பார்க்காது. ஹைட்ரஜன் பிணைப்பு 8 அல்லது 9 மடங்குதான். மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடிக்க அது போதும். அதே சமயம் அவ்வப்போது ஒரு பலமான மோதலில் விட்டுப்போகவும் செய்யும், வேறொரு மூலக்கூறோடு மறுபடி உருவாகவும் செய்யும். திரவ நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் ஆயுள் சுமார் ஒரு பிகோநொடி, அதாவது ஒரு நொடியில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு.

என் பார்வையில் மூன்று பிணைப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டின் மையம் இதுதான். எலக்ட்ரான் பங்கீடா, பரிமாற்றமா, சாய்வா என்பது பிணைப்பு எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லும். நாம் வாழும் வெப்பநிலையில் அது அறுந்து மறுபடி சேரக்கூடியதா என்பதுதான், அது என்ன வேலை செய்யும் என்பதைச் சொல்லும்.

கொதிக்கும் பாத்திரத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 பாகையில் ஒரு மோல் தண்ணீரை, அதாவது 18 கிராமை, ஆவியாக்க 40.7 கிலோஜூல் போதும். அதே 18 கிராமில் உள்ள சகப்பிணைப்புகள் எல்லாவற்றையும் உடைக்க 926 கிலோஜூல் வேண்டும். அடுப்பு முதல் வேலையைத்தான் செய்கிறது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரிக்க வேண்டுமானால் மின்சாரம் செலுத்த வேண்டும், அல்லது 2000 பாகைக்கு மேல் போக வேண்டும்.

பனிக்கட்டி உருகும்போதும் எல்லாம் அறுந்துவிடுவதில்லை. உருகச் செலவாகும் ஆற்றல் மோலுக்கு 6 கிலோஜூல்தான்; முழுதாக ஆவியாக்கத் தேவையான 51-ல் எட்டில் ஒரு பங்கு. திரவ நீருக்குள் பெரும்பாலான ஹைட்ரஜன் பிணைப்புகள் இருந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆள்தான் மாறிக்கொண்டே இருக்கிறது.

## தண்ணீர் நடுவே வந்தால்

801 பாகை வரை உருகாத உப்பு, சாதாரணத் தண்ணீரில் சில நொடிகளில் கரைந்துபோகிறதே, எப்படி? அயனிப் பிணைப்பு வலுவானது என்று சொன்னது பொய்யா?

பொய்யில்லை. சுற்றுப்புறத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இரண்டு அயனிகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால், அவற்றின் இழுவிசை ஏறத்தாழ 80-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நீர் மூலக்கூறுகள் தங்கள் எதிர்மின் பக்கத்தைச் சோடியத்துக்கும், நேர்மின் பக்கத்தைக் குளோரைடுக்கும் காட்டிக்கொண்டு அயனிகளைச் சூழ்ந்துகொள்கின்றன. படிகத்தில் கிடைத்த ஆற்றல் ஆதாயத்துக்கு ஏறத்தாழ ஈடான ஆதாயம் நீரில் கிடைத்துவிடுவதால் அயனிகள் பிரியத் தயங்குவதில்லை. குளோரைடு பக்கத்தில் நடப்பது ஒரு வகை ஹைட்ரஜன் பிணைப்புதான்: நீரின் ஹைட்ரஜன் வழங்கி, குளோரைடு ஏற்பி.

ஹைட்ரஜன் பிணைப்புக்கும் நீரில் போட்டி உண்டு. பருத்தி நூல் செல்லுலோஸால் ஆனது. அதன் இழைகள் பக்கத்து இழைகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டிருக்கும். நனைத்தால் தண்ணீர் இடையில் புகுந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இழைகள் நகரும். கசங்கிய நிலையிலேயே உலர்ந்தால் கசங்கிய இடத்திலேயே பிணைப்புகள் மறுபடி உருவாகிவிடும். அயர்ன் பண்ணுகிறவர் சட்டைமேல் தண்ணீர் தெளிப்பது இதற்காகத்தான்: தண்ணீர் பழைய பிணைப்புகளை விடுவிக்கிறது, பெட்டியின் சூடு தண்ணீரை விரட்டுகிறது, துணி தட்டையாக இருக்கும்போதே புதுப் பிணைப்புகள் உருவாகின்றன. நனைந்த செய்தித்தாள் கையோடு கிழிந்து வருவதும் இதே காரணத்தால்.

சகப்பிணைப்பு மட்டும் இந்த ஆட்டத்தில் சேராது. செல்லுலோஸ் சங்கிலிக்குள் இருக்கும் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புகளை வெறும் தண்ணீர் ஒன்றும் செய்வதில்லை. செய்திருந்தால் வேட்டியைத் துவைக்கவே முடியாது.

## ஒரே முடியில் மூன்றும்

மூன்று பிணைப்புகளையும் ஒரே பொருளில் பார்க்க வேண்டுமென்றால் தலைமுடியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் சங்கிலிகளைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருப்பவை மூன்று:

1. ஹைட்ரஜன் பிணைப்புகள். எண்ணிக்கையில் மிக அதிகம். தண்ணீர் பட்டால் விடும், உலர்ந்தால் சேரும்.
2. அயனி ஈர்ப்புகள். புரதத்தின் அமிலப் பக்கத்துக்கும் காரப் பக்கத்துக்கும் இடையே இருப்பவை. அமிலத்தன்மை மாறினால் தளரும்.
3. சல்ஃபர் அணுவும் சல்ஃபர் அணுவும் சேர்ந்த டைசல்ஃபைடு சகப்பிணைப்புகள். தண்ணீருக்கும் சாதாரணச் சூட்டுக்கும் அசையாதவை.

ஈர முடியைப் பின்னிப்போட்டு உலரவிட்டால் அலையலையாக நிற்கும். மறுபடி தலைக்குக் குளித்தால் போய்விடும். சூடான ஸ்ட்ரெயிட்டனர் வைத்து நீட்டினாலும் அதே கதைதான், சென்னையின் ஈரக்காற்றே அதைக் கலைத்துவிடும். இரண்டிலும் மாற்றியது ஹைட்ரஜன் பிணைப்பை மட்டும். ஈரப்பதத்துக்கு முடி இப்படி இணங்குவதை வைத்தே 1783-ல் ஜெனீவாவைச் சேர்ந்த ஓராஸ் பெனடிக்ட் த சோசூர் முடியால் இயங்கும் ஈரப்பதமானியைச் செய்தார்.

பியூட்டி பார்லரில் ரீபாண்டிங் என்று செய்வது வேறு வேலை. தயோகிளைகோலேட் போன்ற ஒரு வேதிப்பொருள் டைசல்ஃபைடு சகப்பிணைப்பையே உடைக்கிறது. முடியை நேராக்கியபின் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஒன்றைத் தடவிப் புது இடங்களில் மறுபடி இணைக்கிறார்கள். அதனால்தான் குளித்தாலும் போவதில்லை. வேரிலிருந்து புதிதாக வளரும் முடி மட்டும் பழைய சுருளோடு வரும். செலவும் சேதமும் கூடுதல் என்பதற்கும் காரணம் இதுவே: தண்ணீரால் முடியாத இடத்தில் வேதிவினை தேவைப்படுகிறது. முடியை மென்மையாக்கும் சில கெரட்டின் கலவைகள் ஃபார்மால்டிஹைடை வெளியிடக்கூடியவை. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. நாற்காலியில் உட்காருவதற்கு முன் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

## திசை இருப்பதன் பலன்: மிதக்கும் பனிக்கட்டி

ஹைட்ரஜன் பிணைப்புக்குத் திசை உண்டு என்றோம். பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் தன் 4 அண்டை மூலக்கூறுகளையும் ஒரு நான்முகியின் முனைகளில் நிறுத்தி வைக்கிறது. எல்லாப் பிணைப்புகளையும் நேர்கோட்டில் வைத்திருக்க வேண்டும் என்பதால் நடுவில் காலி இடம் நிறைய விழுகிறது. உருகும்போது சட்டகம் தளர்ந்து சில மூலக்கூறுகள் அந்த இடத்துக்குள் சரிகின்றன. அதனால் பனிக்கட்டியின் அடர்த்தி 0.917, தண்ணீரினுடையது 1. உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. ஃப்ரீசரில் வைத்த நிறைகுடுவை வெடிப்பது இதனால்தான். குளிர்நாட்டு ஏரிகள் மேலிருந்து கீழாக உறைவதும், அடியில் 4 பாகை நீரில் மீன்கள் குளிர்காலத்தைக் கடப்பதும் இந்தத் திசைப் பிடிவாதத்தின் விளைவே.

## உயிர் ஏன் இந்தப் பிணைப்பைத் தேர்ந்தது

டிஎன்ஏவின் ஒவ்வோர் இழையும் நெடுக்கில் சகப்பிணைப்புகளால் கோத்தது. இரண்டு இழைகளையும் குறுக்கே சேர்த்துப் பிடிப்பதில் முக்கியப் பங்கு ஹைட்ரஜன் பிணைப்புக்கு: அடினைனும் தைமினும் 2 பிணைப்புகளால், குவானைனும் சைட்டோசினும் 3 பிணைப்புகளால். இழை அறுந்துவிடக் கூடாது, ஆனால் இரண்டு இழைகளும் பிரிந்து படியெடுக்கப்பட வேண்டும். இரண்டு தேவைகளுக்கு இரண்டு வலுநிலைகள். ஆய்வகத்தில் டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் சோதனை இதையே பயன்படுத்துகிறது. 95 பாகைக்குச் சூடாக்கினால் இழைகள் பிரியும், சங்கிலி அறுவதில்லை.

இந்த ஜோடி சேர்வதில் ஹைட்ரஜன் எங்கே நிற்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1953-ன் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் நடந்தது ஒரு சான்று. பிரான்சிஸ் கிரிக்குடன் சேர்ந்து டிஎன்ஏவின் அமைப்பைத் தேடிக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட்சன் அட்டைகளை வெட்டி, காரங்களை (அடினைன் முதலிய அந்த நான்கையும்) சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயன்படுத்திய பாடநூல் வடிவங்களில் குவானைனிலும் தைமினிலும் ஒரு ஹைட்ரஜன் தவறான அணுவின்மேல் இருந்தது. அதே அறையில் இருந்த படிகவியலாளர் ஜெர்ரி டோனஹ்யூ அதைச் சுட்டிக்காட்டினார். ஹைட்ரஜனை இடம் மாற்றியதும் வழங்கிக்கு எதிரே ஏற்பி வந்து நின்றது, ஜோடிகள் பொருந்தின. ஒரேயொரு புரோட்டானின் இடம் தவறினால் மொத்த அமைப்பும் தவறும். அப்படியும் குவானைன்–சைட்டோசின் ஜோடிக்கு வாட்சனும் கிரிக்கும் முதலில் 2 பிணைப்புகளைத்தான் போட்டிருந்தார்கள். மூன்றாவதைச் சுட்டிக்காட்டியவர்கள் பாலிங்கும் அவரோடு பணியாற்றிய ராபர்ட் கோரியும், 1956-ல்.

டிஎன்ஏவுக்கு ஒரு வருடம் கழித்து, 1954-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்ற புரதத்துக்கு மூவிழை அமைப்பை முன்வைத்தார்கள். தோல், தசைநார், எலும்பு எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் இது. மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்ந்திருக்கின்றன. நடுவில் இடம் மிகக் குறைவு. மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் மட்டுமே அங்கே நுழைய முடியும். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடமும் கிளைசினாக இருப்பது இதனால்தான். சங்கிலிகளுக்கு இடையே ஒவ்வொரு மூன்று அமினோ அமிலத்துக்கும் ஒரு பிணைப்பா இரண்டா என்று அவர்களுக்கும் பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. மூவிழை என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

இதை அடுப்படியிலேயே பார்க்கலாம். ஆட்டுக்கால் சூப் நெடுநேரம் கொதிக்கும்போது கொலாஜனின் மூவிழைகளைப் பிடித்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டு, சங்கிலிகள் பிரிந்து நீரில் கலக்கின்றன. அதுதான் ஜெலட்டின். சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கட்டியாக உறைந்திருக்கும்: குளிர்ந்ததும் சங்கிலிகள் ஆங்காங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளை உருவாக்கி, தண்ணீரை வலைக்குள் பிடித்துக்கொள்கின்றன. திரும்பச் சூடாக்கினால் மீண்டும் நீர்த்துவிடும். எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

தனியாக எடுத்தால் ஒவ்வொரு ஹைட்ரஜன் பிணைப்பும் சிறிதுதான். தேர்வடத்தில் ஒரு நாரை உருவி எடுத்தால் விரலாலேயே அறுத்துவிடலாம்; ஆயிரக்கணக்கில் முறுக்கிச் சேர்ந்தால் தேரை இழுக்கும். புரதங்களிலும் டிஎன்ஏவிலும் பலம் எண்ணிக்கையிலிருந்து வருகிறது, நெகிழ்வு ஒவ்வொன்றின் சிறுமையிலிருந்து வருகிறது.

## எல்லைகள் மங்கும் இடம்

மூன்றையும் மூன்று பெட்டிகளில் போட்டு மூடிவிட முடியாது. பைஃப்ளூரைடு அயனியை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு ஃப்ளூரின்களுக்கு நடுவில் ஒரு ஹைட்ரஜன், சரி பாதித் தூரத்தில், இரு பக்கமும் சுமார் 114 பிகோமீட்டர். இதன் வலு 160 கிலோஜூல் அளவுக்குப் போகிறது. எது சகப்பிணைப்பு, எது ஹைட்ரஜன் பிணைப்பு என்று இங்கே பிரிக்கவே முடியாது. இன்னொரு முனையில், கார்பனோடு இணைந்த ஹைட்ரஜன்கூடச் சில இடங்களில் மிக மெலிதான ஹைட்ரஜன் பிணைப்பில் ஈடுபடுகிறது.

சாதாரணத் தண்ணீரிலும் இந்தப் பிணைப்பு முழுக்க முழுக்க மின் ஈர்ப்பு மட்டும்தானா என்பது நெடுநாள் விவாதம். ஏற்பியின் எலக்ட்ரான் சோடி சிறிதளவு ஹைட்ரஜன் பக்கம் கசிகிறது என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அதனால் ஒரு பக்க விளைவும் உண்டு: ஹைட்ரஜன் பிணைப்பு உருவானதும் மூலக்கூறுக்குள் இருக்கும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்பு சற்று நீண்டு தளர்கிறது, அகச்சிவப்பு நிறமாலையில் அதன் அதிர்வெண் இறங்குகிறது. ஆய்வகத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இதுவே பழகிய வழி.

இதையெல்லாம் கணக்கில் எடுத்து, வேதியியலுக்கான பன்னாட்டு அமைப்பான ஐயுபிஏசி 2011-ல் ஹைட்ரஜன் பிணைப்புக்குப் புது வரையறை வெளியிட்டது. அந்தப் பணிக்குழுவை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் அருணன். நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரின் என்று பட்டியல் போட்டு நிறுத்தாமல், வழங்கி அணு ஹைட்ரஜனைவிடக் கவர்தன்மை மிகுந்ததாக இருக்க வேண்டும், பிணைப்பு உருவானதற்குச் சான்று இருக்க வேண்டும் என்று அந்த வரையறை சொல்கிறது. பள்ளித் தேர்வுக்குப் பழைய மூன்று தனிமப் பட்டியல் போதும். மேலே படிக்கிறவர்கள் அது ஒரு வசதியான சுருக்கம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

## "கட்டமைத்த நீர்" விளம்பரங்கள்

இவ்வளவும் தெரிந்துகொண்டால் நேரடியாகப் பயன்படும் ஓர் இடம் உண்டு. தண்ணீரின் ஹைட்ரஜன் பிணைப்புகளை மாற்றியமைத்து, மூலக்கூறுகளை அறுகோணமாக அடுக்கி, "சிறு கொத்துகளாக்கி" உடலில் எளிதில் சேரவைக்கும் என்று சொல்லிக் காந்தக் குழாய்களும் இயந்திரங்களும் விற்கிறார்கள். பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நீண்டநாள் நோயோடு போராடுகிறவர்கள். அதனால் இதை மென்று முழுங்காமல் சொல்ல வேண்டும்.

திரவ நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு பிகோநொடி அளவே நிற்கிறது. இயந்திரம் எந்த அமைப்பை உண்டாக்கினாலும், தண்ணீர் குழாய் முனையிலிருந்து டம்ளரில் விழுவதற்குள் ஒவ்வொரு மூலக்கூறும் கோடிக்கணக்கான முறை கூட்டாளி மாறியிருக்கும். நிலையான அறுகோண அடுக்கு வேண்டுமானால் அதற்குப் பெயர் பனிக்கட்டி. உடலின் செல்களுக்குள் தண்ணீர் நுழைவதும் கொத்துக்கொத்தாக இல்லை. செல் சவ்வில் இருக்கும் அக்வாபோரின் என்ற புரத வழிகளில் நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில், ஒவ்வொன்றாகத்தான் போகின்றன. அந்த வழிகளைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ருக்கு 2003-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

தண்ணீரை வடிகட்டுவது வேறு, கொதிக்க வைத்துக் கிருமி நீக்குவது வேறு. அவற்றால் பலன் உண்டு. ஏனெனில் அவை தண்ணீரில் கலந்திருக்கும் வேறு பொருட்களையும் உயிர்களையும் நீக்குகின்றன, அல்லது அழிக்கின்றன. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் எப்படிக் கைகோர்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அப்போதைய வெப்பநிலையும் அழுத்தமும் அதில் கரைந்திருக்கும் பொருட்களும்தான். இயந்திரத்தின் விலை எவ்வளவாக இருந்தாலும் அதில் மாற்றமில்லை.